எனக்கும் ஒரு சிப்பி

“எனக்கும் ஒரு சிப்பி போடுங்க மாமா” என்று நான் சொன்னபோது முதலில் சிரித்தவர் என் மாமியார். அடுத்து கொழுந்தன் சிரித்தான். என் கணவர் சிரிக்கவில்லை. மாமனார் தன் மடியில் இருந்த மண்சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த மகள் மட்டும், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று தானும் கைகொட்டினாள்.

இந்தச் சிப்பி விஷயம் எங்கள் பக்கத்தவர்களுக்குத்தான் தெரியும். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஆளுக்கொரு மட்டிச் சிப்பியில் தன் அடையாளத்தைக் கீறிச் சட்டியில் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று கைவிட்டு எடுக்கும். யாருடைய சிப்பி வருகிறதோ அவருக்கு இடம். வசதியான வீடு, வசதியில்லாத வீடு என்ற கணக்கெல்லாம் சட்டிக்குள் செல்லாது. ‘பாடுன்னா பாடு’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சிப்பி ஆண்களுக்குத்தான். பெண்ணுக்கு ஒரு சிப்பி என்று எவரும் கேட்டதில்லை, எவரும் மறுத்ததுமில்லை. அப்படி ஒன்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அன்றைக்கு ஏரிக்கரையில் மாமனார் வீட்டில் சட்டி வெளியே வந்தது வலைக்காக இல்லை. நாகலாபுரம் மலையிலிருந்து இறங்குகிற ஆற்றில், மழை பெய்து வெள்ளம் வந்ததும், லாரி டியூப்களைக் கட்டிச் செய்த மிதவையில் ஏறி வருவதற்கு. மிதவையில் மூன்று பேர் உட்காரலாம். ஓரிடம் வழி தெரிந்த ஆளுக்கு. மீதி இரண்டு. அந்த இரண்டுக்கு என் கணவர், கொழுந்தன், மாமனார் என்று மூன்று ஆண்கள் போட்டி போட்டார்கள். நான்காவதாக நான் கேட்டேன்.

இந்தப் பைத்தியம் எப்படித் தொடங்கியது என்று இப்போது யோசித்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். அவர் குடும்பத்தில் வலையை விட்டுவிட்டுச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். வேலை முடிந்து வரும்போது சட்டையில் இரும்புத் தூள் மின்னும். குழந்தை அதை விரலால் தொட்டு வாயில் வைத்துவிடுவாளோ என்று, வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லுவேன். அவரும் கழற்றுவார். ஒரு நாளும் முனகியதில்லை.

மகள் பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தொட்டில் கயிறு அறுந்துவிடுமோ, கிணற்றடியில் வழுக்கி விழுவாளோ, ரயில் பாதைப் பக்கம் தவழ்ந்துவிடுவாளோ. அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு, சரியாகத்தான் பார்த்தோமா என்று மறுபடியும் வைப்பேன். பொன்னேரியில் பள்ளி இறுதி வரை படித்தவள் நான். படிப்பு பயத்தைக் குறைக்கவில்லை. மற்றவர்கள் ‘காய்ச்சல்’ என்று ஒரே சொல்லில் பயந்ததை நான் டிஃப்தீரியா, டைபாய்டு, டெட்டனஸ் என்று தனித்தனியாகப் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட ஒருவர் வருவார். என் கணவருடன் வேலை பார்க்கும், இயந்திரம் பொருத்துகிற பிட்டர். நாகலாபுரத்துக்கு மேலே மலையடிவாரத்துக் கிராமம் அவருக்கு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். வயதில் மூத்தவர் என்பதால் என்னைத் தங்கச்சி என்பார். என் கணவரை நைனா என்பார். அவர் ஊர் ஆற்றைப் பற்றி ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

“நைனா, உங்க ஏரி இன்னா ஏரி? இடுப்பளவு தண்ணி. எருமை படுத்துக்கினு கீற மாதிரி படுத்துக்கினு கீது. எங்க ஆத்த ஐப்பசி மாசத்துல வந்து பாரு. மலையிலேர்ந்து எறங்கும்போது ரயில் வர்ற மாதிரி சத்தம். சின்னப் பையனா இருக்கும்போது வாழைத்தண்டக் கட்டிக்கினு அதுல பாலம் வரைக்கும் வருவோம்.”

“பொய்யி.”

“வந்து பாருன்றேன்ல. உன்னால முடியாது நைனா. எருமை மேல ஏறிப் பழகினவன் குதிரை மேல ஏற முடியுமா?”

என் கணவர் சிரித்துக்கொண்டே கைகழுவ எழுந்து போனார். ஆனால் அந்த வாரம் முழுவதும் ஏதோ யோசனையாக இருந்தார். ஒருநாள் நெடுஞ்சாலையோரத்து பஞ்சர் கடையிலிருந்து ஒட்டுப்போட்ட லாரி டியூப் ஒன்றைச் சைக்கிளில் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் மாட்டினார்.

“இது எதுக்குங்க?”

“அந்த மலை ஆறு எறங்கி எங்க போவுது, சொல்லு. நம்ம ஏரிக்குத்தான் வருது. புதுத்தண்ணி வந்தாத்தான் நமக்கு எறாலு. அது எங்கேர்ந்து வருதுன்னு எங்க அப்பன் பாத்தது இல்ல, அவுங்க அப்பன் பாத்தது இல்ல. நான் ஒரு வாட்டி அதுல வந்து பாக்கணும்மே. அவ்ளோதான்.”

எதற்கு என்று எத்தனை பேர் கேட்டாலும் அவர் சொன்ன காரணம் அதுதான். அது ஒரு காரணமே இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முளையில் கட்டிய மாடு மாதிரி நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிற ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு ஆசை வருவதில் என்ன தப்பு என்றும் தோன்றியது. தோன்றிய கையோடு பயமும் வந்தது. குழந்தைக்கு அப்பா வேண்டாமா?

நான் தடுக்கவில்லை. கேள்வி கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிட்டருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் எவ்வளவு ஆழம்? பாறைக்கும் பாறைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? தண்ணீர் குதிக்கிற இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது? கவிழ்ந்தால் எந்தப் பக்கம் கரையேறலாம்? ஆற்றுக்குள் மரம் விழுந்து கிடந்தால்?

அவர் குழம்பைப் பிசைந்தபடி முழித்தார். “தங்கச்சி, தண்ணிக்குள்ள இன்னா கீதுன்னு யாரு பாத்தா? மேல போய்க்கினே இருப்போம்.”

“அப்ப தண்ணி இல்லாதப்பவே போய்ப் பாத்துட்டு வரலாம்” என்றேன்.

என் கணவருக்கு அது புரியவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஏரிக்காரர்கள் தரையைப் பார்ப்பது கிடையாது. ஏரியின் அடி எங்கும் ஒரே சேறு. கழியை எங்கே ஊன்றினாலும் ஊன்றும், எங்கே தள்ளினாலும் படகு போகும். தண்ணீர் இல்லாத ஆற்றைப் போய்ப் பார்ப்பது, சோறு இல்லாத தட்டைப் போய்ப் பார்ப்பது மாதிரி என்றார். ஆனாலும் புரட்டாசியில் ஒரு விடுமுறை நாளில் கூட்டிப்போனார். ஊத்துக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு நடை. குழந்தையை விட்டுவிட்டு வர மனம் வராமல் இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

வறண்ட ஆறு என்றால் மணல் என்று நினைத்திருந்தேன். அது முழுக்கப் பாறை. யானை அளவில், மாட்டு வண்டி அளவில், இட்லிக் குண்டான் அளவில் வழவழவென்று உருண்ட பாறைகள். நடுநடுவே பச்சைத் தண்ணீர் தேங்கிய குழிகள். அங்கங்கே இரண்டு பாறைகள் நெருங்கி நிற்கிற சந்தில் போன வருஷத்து வெள்ளம் கொண்டுவந்த கிளைகள் செருகிக் கிடந்தன. பிட்டர் முன்னால் நடந்துகொண்டே, இங்கே பாயும், இங்கே திரும்பும், இங்கே கொஞ்சம் தூக்கிப் போடும் என்று கையை ஆட்டிக் காட்டினார். நான் ஒவ்வொரு இடத்திலும் நின்றேன். ஒரு சந்தில் கைவிட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போயிற்று. கையை உருவும்போது வளையல் மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் எதை ஓட்டினாலும் கழியை ஊன்றித் தள்ளித்தான் ஓட்டுவார்கள். இந்தச் சந்துகளில் கழி ஊன்றினால் என் வளையல் மாதிரி மாட்டிக்கொள்ளும். மிதவை போய்விடும், கழி நின்றுவிடும், கழியைப் பிடித்திருக்கிற ஆள்?

“துடுப்பு வேணுங்க” என்றேன். “கையில புடிக்கிற மாதிரி சின்னத் துடுப்பு. ஆளுக்கு ஒண்ணு.”

என் கணவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டார்.

“இன்னாமே பேசற? துடுப்பு புடிக்கிறது கடல்காரன் வேலை. கட்டுமரத்துல போறவன் புடிப்பான். ஏரிக்காரன் துடுப்பு புடிச்சான்னு தெரிஞ்சா நம்ம ஊர்ல இன்னா சொல்லுவாங்க தெரியுமா?”

கடலில் போகிறவர்களும் ஏரியில் போகிறவர்களும் எங்கள் பகுதியில் அடுத்தடுத்த ஊர். எங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதுகூடக் கிடையாது. அவர்களுக்குக் கழி பிடிக்கத் தெரியாது என்று நாங்கள் சிரிப்போம். எங்களுக்கு அலை என்றால் என்னவென்று தெரியாது என்று அவர்கள் சிரிப்பார்கள். ஒரு மரத்துண்டுக்குள் இவ்வளவு மானம் இருந்தது.

“இங்க ஊர் பாக்காது. பாறைதான் பாக்கும்” என்றேன்.

அவர் பேச்சை மாற்றிவிட்டார். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்குள் ஒன்று நடந்திருந்தது. அந்த ஆறு எனக்குத் தெரியும் என்று தோன்றியது. ஒவ்வொரு திருப்பமும், பல்வரிசை மாதிரி நின்ற அந்த மூன்று பாறைகளும், கரையேறக்கூடிய புங்கமர வளைவும் மனத்தில் இருந்தன. அங்கே வந்தவர்களில் வேறு யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. பயந்து பயந்து பார்த்தவள் நான்தான். இவ்வளவையும் பார்த்துவிட்டு, பாலத்தருகில் குழந்தையை வைத்துக்கொண்டு, சோற்று மூட்டையோடு நிற்கப்போகிறேனா? எப்போதும் இப்படித்தான் பிரித்திருந்தார்கள். அவர்கள் போவார்கள், நான் பயப்படுவேன். நான் பயந்துகொண்டிருக்கிற தைரியத்தில் அவர்கள் போய்வருவார்கள். இந்தப் பங்கீடு எந்தச் சட்டியில் குலுக்கிப் போட்டது?

அதனால்தான் சிப்பி கேட்டேன்.

மாமியார் சிரித்து முடித்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “கெய்வனுக்குத்தான் இந்த வயசுல ஆசைன்னு பாத்தா, மருமவளுக்கும் ஆசை வந்துடுச்சா? கொயந்தய இன்னா பண்ணுவ, வலையில கட்டித் தொங்கவுடுவியா?”

“இவரு போனா நான் பாத்துக்கறேன். நான் போனா இவரு பாத்துக்கட்டும், அத்த.”

“ஆம்பள புள்ள பாத்துக்குவானா?”

“அவரோட புள்ளதானே.”

கொழுந்தன், “அண்ணி, உங்க சிப்பிக்கு அடையாளம் இன்னா? படிச்சவங்க, கையெழுத்து போடுவீங்களா?” என்று கிண்டல் செய்தான். நான் நெற்றியிலிருந்த குங்குமத்தைத் தொட்டு ஒரு சிப்பியின் உட்புறத்தில் தேய்த்து மாமனாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீட்டிய கையை மடக்கிவிடலாமா என்று நினைத்தேன். ஒரு வார்த்தை, ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துக் கலைந்திருப்பார்கள். சொல்லவில்லை. கையை நீட்டியபடியே இருந்தேன்.

“ஆத்தப் போயி பாத்துட்டு வந்தது யாரு?” என்று மாமனார் கேட்டார், யாரையும் பார்க்காமல்.

“நானும் பிட்டரும் அவளும்” என்றார் என் கணவர்.

“பாத்தவங்களுக்கு ஒரு சிப்பி உண்டு” என்று சொல்லி வாங்கிச் சட்டியில் போட்டார். அவருடைய சிப்பியும் அதற்குள் இருந்தது. என்னால் அவருடைய வாய்ப்புக் குறைகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

விவரம் தெரியாத குழந்தை என்று அந்த வீட்டில் இருந்தது என் மகள்தான். அவளைச் சட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். முதலில் எடுத்ததை அவள் வாயில் வைத்துக் கடித்தாள். நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். கொழுந்தனுடைய சிப்பி. அவன் எழுந்து ஒரு ஆட்டம் போட்டான். இரண்டாவது முறை கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள். எடுத்ததை யாருக்கும் கொடுக்காமல் மூடிக்கொண்டாள். விரல்களை என் கணவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவளுடைய உள்ளங்கை சிவந்திருந்தது. காயம் என்று நினைத்து எட்டிப் பிடித்தேன். குங்குமம்.

சட்டிக்குள் அப்பாவும் பிள்ளையும் மிச்சமிருந்தார்கள்.

மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை. “சரிம்மே, வந்துச்சி, சந்தோசம். எட்து அவன் கையில குடுத்துடு.”

பாடு குலுக்குவதில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இடம் வந்தவர் விரும்பினால் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். உடம்பு சரியில்லாதவர்கள், துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் அப்படிக் கொடுப்பது உண்டு. நான் கொடுப்பேன் என்று அந்தக் கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். கொழுந்தன்கூட ஆட்டத்தை நிறுத்தியிருந்தான். என் கணவர் குழந்தையின் உள்ளங்கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அது அவருடைய ஆசை. அவர் மாட்டிய டியூப். வீட்டுக்கு அடங்கிய பெண் என்று பெயரெடுத்தவள் நான், அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. இத்தனையும் நினைத்தேன்.

“நான் போறேன், அத்த” என்றேன்.

“பாடுன்னா பாடு” என்று சொல்லிவிட்டு மாமனார் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

மாமியார் கடைசியாக ஒரு வழி சொன்னார். பாதி வழியில், அந்தப் புங்கமர வளைவில், நான் இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும், மீதி வழி மகன் போகட்டும். “ஆளுக்குப் பாதி. நாயந்தான?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிய பிறகு சில நாள்கள் என் கணவர் என்னுடன் அளவாகப் பேசினார். சோறு போட்டால் சாப்பிட்டார், குழம்பு எப்படி என்று கேட்டால் “கீது” என்றார். நான் செய்தது சரியா என்று அடுப்படியில் நின்று எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை டியூபுக்குக் காற்றடித்தபடி கேட்டார்.

“பயமா இல்லியா உனக்கு?”

“இருக்கு. கரையில நின்னாலும் இருக்கத்தான் போவுது. இந்த வாட்டி உள்ள உக்காந்துகினு பயப்படறேன்.”

அவர் பம்பை நிறுத்தினார். மறுபடியும் அடிக்கத் தொடங்கினார். பிறகு, “இன்னொரு டியூப் வேணும். நாலு இருந்தாத்தான் கவுறாது” என்றார். மறுநாள் கொண்டுவந்தார்.

துடுப்பு மட்டும் அவர் பொறுப்பில் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தச்சர் மாட்டு வண்டிக்கு நுகத்தடி செய்துகொண்டிருப்பார். அவரிடம் பலகைத் துண்டுகளில் மூன்று துடுப்பு செதுக்கி வாங்கினேன். “பெரிய அகப்பையாம்மா, கல்யாணத்துக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலையில் கட்டுகிற மிதவைகளை ஊரிலிருந்து வரவழைத்து, பழைய வேட்டித் துணியில் பைபையாகத் தைத்து, மூன்று சட்டைகள் செய்தேன். தைத்துப் பிரித்துத் தைத்தேன். கொழுந்தன் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணி, வலைன்னு நெனச்சி மீனு வந்து மாட்டிக்கப் போவுது” என்றான். ஆனால் கழற்றவில்லை. துடுப்பைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“இத்தத் தொட மாட்டேன். நான் கழி எட்துகினு வரேன்.”

“எடுத்துக்கினு வாங்க. துடுப்ப நான் கயித்துல கட்டி வைக்கிறேன்.”

ஐப்பசியில் மழை பிடித்தது. பிட்டர் ஊரிலிருந்து ஆள் சொல்லி அனுப்பினார்கள், ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது என்று. காற்றுப் பிடுங்கிய டியூப்களைச் சுருட்டி பஸ் மேலே ஏற்றும்போது கண்டக்டர், “இன்னா இது, மலைப்பாம்பா? இதுக்கும் டிக்கெட்டு உண்டு” என்றார். மாமனார் கழியைப் பிடித்தபடி படியருகில் நின்றார். அவருக்கு வேலை எதுவும் இல்லை, ஆனால் வராமல் இருக்க முடியவில்லை.

சத்தம் முதலில் வந்தது. பிட்டர் சொன்னது பொய்யில்லை, ரயில்தான். எனக்குத் தெரிந்த பாறைகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. அவை இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் மேடு மேடாக எழும்பி உடைந்துகொண்டிருந்தது. குழந்தையை என் கணவரிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகும் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் மாமனாரும் அவளோடு முன்னதாகவே புங்கமர வளைவுக்கு நடந்த பிறகுதான் டியூப்களுக்குக் காற்றடித்தோம்.

“தங்கச்சி, இன்னும் ஒண்ணும் ஆயிடல. நின்னுக்கலாம்” என்றார் பிட்டர்.

புடவையைக் கச்சமாக இழுத்துக் கட்டியிருந்தேன், மேலே மிதவைச் சட்டை. எப்படி இருந்தேனோ தெரியாது. “நடுவுல நான் உக்காந்துக்கறேன் அண்ணா. எடப்பக்கம் மூணு பாறை கீது, வலப்பக்கமா போவணும்” என்றேன். அவர் திரும்பி ஆற்றைப் பார்த்தார். அங்கே பாறை எதுவும் தெரியவில்லை. தலையாட்டினார்.

தண்ணீர் எங்களைத் தள்ளவில்லை, பிடுங்கியது. முதல் திருப்பம் வருவதற்குள் நனைந்துவிட்டோம். கொழுந்தன் பின்னால் நின்று, ஏரியில் நிற்பதுபோல இடுப்பை வளைத்து, கழியை ஊன்றினான். ஊன்றிய கழி எழும்பவில்லை. ஒரு கணம் அவன் ஆற்றுக்கும் மிதவைக்கும் நடுவில் வில் மாதிரி வளைந்தான். “உடுங்க! உட்ருங்க!” என்று கத்தினேன். விட்டுவிட்டு என் முதுகின் மேல் வந்து விழுந்தான். திரும்பிப் பார்த்தால் கழி தண்ணீரின் நடுவில் நட்டுவைத்தது மாதிரி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினான். “அண்ணி, அந்த அகப்பயக் குடுங்க.”

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். மூவரும் துடுப்பு போட்டோம். மூன்று பாறைகளும் இடப்பக்கம் போயின. நான் பார்க்கவில்லை, முழங்கையில் வந்து மோதிய நுரையில் தெரிந்தது. ஓரிடத்தில் தூக்கிப் போட்டது. காற்றில் இருந்தபோது நான் குழந்தையை நினைக்கவில்லை. அது இன்றுவரை எனக்கு ஆச்சரியம். கீழே விழுந்து, நான்கு டியூப்களும் பிதுங்கி, மறுபடியும் மேலே வந்தபோது நான்தான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. கத்தலா சிரிப்பா, சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஆறு கொஞ்சம் அகன்றது. புங்கமர வளைவு வந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி என் கணவர் நின்றிருந்தார். கரையில் மாமனார் மடித்துக் கட்டிய வேட்டியோடு. குழந்தை அப்பாவின் தோளில் இருந்தாள். பிட்டர் மிதவையை ஓரங்கட்டினார்.

“தங்கச்சி, இங்க எறங்கறதாப் பேச்சு.”

என் கணவர் கையை நீட்டவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. நான் மகளைப் பார்த்தேன். நான் இல்லாமல் அழுது உடம்பு நீலம் பாரித்திருக்கும் என்று பயந்திருந்தேன். அவள் ஒரு முறுக்கைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தாள். நனைந்த தலையோடு இருந்த என்னை அடையாளம் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் முறுக்குக்குப் போய்விட்டாள்.

இறங்கியிருக்கலாம். அவருக்குப் பாதி ஆறு கிடைத்திருக்கும். நாயம்தான். ஆனால் ஆளுக்குப் பாதி என்று எந்தப் பாடு குலுக்கலிலும் நான் பார்த்ததில்லை. அவர் சிப்பி வந்து, நான் குழந்தையோடு அந்தத் தண்ணீரில் நின்றிருந்தால், பாதியில் இறங்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“பாலத்துல பாக்கலாங்க” என்றேன்.

“அடி இவளே” என்றார் மாமனார். திட்டினாரா, மெச்சினாரா, இன்றுவரை கேட்கவில்லை.

மிதவை நகர்ந்தது. என் கணவர் குழந்தையைத் தோளில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரையேறி, எங்களுக்கு இணையாக ஓடத் தொடங்கினார். முள்ளையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. கண்கள் எங்கள் மேலேயே இருந்தன. “பாத்து! வலப்பக்கம்! ஏய், புடிச்சிக்கினு உக்காரு!” என்று கத்திக்கொண்டே வந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது, புருவம் ஏறியிருந்தது, ஒரு கை குழந்தையின் முதுகில், இன்னொரு கை எங்களை நோக்கி.

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக் கண்ணாடியில் நான் நாள்தோறும் பார்க்கிற முகம்.

அவருக்குக் கையசைக்க நினைத்தேன். முன்னால் தண்ணீர் மறுபடியும் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.